சுமார் 60 வயது மதிக்கத்தக்க ஆண்

நீலகிரியில் ஒரு சின்ன ஊரின் உள்ளாட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதுவது என் வேலை. 2009-ல் சேர்ந்தேன். இறப்பை எழுதுவதும் நாளடைவில் பழகிவிடும், எதிரே நிற்பவர் அழுதுகொண்டே பெயர் சொல்வார், இனிஷியலைச் சரிபார்த்து எழுதிக்கொள்வோம். எனக்கு இன்றுவரை பழகாதது ஒன்றுதான்: பெயர் என்ற கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுதுவது.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வரும் தாளில் எப்போதும் ஒரே மாதிரி வாசகம்தான் இருக்கும், 'சுமார் 60 வயது மதிக்கத்தக்க ஆண் சடலம்'. வயதைக் குத்துமதிப்பாகச் சொல்வதற்குப் போட்ட சொல்தான் அந்த 'மதிக்கத்தக்க'. ஆனால் எனக்கு ஒவ்வொரு முறையும் அது மரியாதைக்குரிய ஒரு மனிதர் என்றே காதில் விழும்.

மார்கழி, தை மாதங்களில்தான் அதிகம். உறைபனி விழும் இரவில் பஸ் ஸ்டாண்டிலோ மார்க்கெட் திண்ணையிலோ சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்தவர் காலையில் எழுந்திருக்க மாட்டார். கீழே சமவெளியிலிருந்து ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறி வந்தவராக இருக்கலாம், ஜார்கண்டிலிருந்தோ அஸ்ஸாமிலிருந்தோ தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவராக இருக்கலாம், எங்கள் பக்கத்தில் சிலோன்காரர்கள் என்று சொல்லப்படும் தாயகம் திரும்பிய குடும்பத்தில் தனித்துப் போன ஒருவராகவும் இருக்கலாம். 1964-ல் இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாகக் கணக்கு. அப்படிக் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக மலைக்கு வந்து, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் இங்கே நிறைய. அண்ணன் தோட்டத்தின் ஒரு டிவிஷனில், தம்பி கொழும்பில், அக்கா எங்கே இருக்கிறாள் என்றே தெரியாது. எண்ணிக்கையாக வந்தவர்களில் சிலர் 'தெரியவில்லை' என்றே என் கைக்கு வந்து சேர்ந்தார்கள்.

உடல் ஆஸ்பத்திரி பிணவறைக்குப் போகும். பிரேதப் பரிசோதனை முடியும், போட்டோ பேப்பரில் வரும், பக்கத்து ஸ்டேஷன்களுக்கெல்லாம் தகவல் போகும். யாரும் வராவிட்டால் அடக்கம். எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். பின்னால் யாராவது தேடி வந்தால் தோண்டி எடுத்துப் பரிசோதிக்க வழி இருக்க வேண்டும் என்பதற்காக. இதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். யாரோ வருவார்கள் என்ற நம்பிக்கையில்தானே புதைக்கிறோம், அப்படியென்றால் எந்த இடத்தில் புதைத்தோம் என்று தெரியாமல் விட்டால் வருகிறவருக்கு என்ன காட்டுவது?

எங்கள் ஊர் இடுகாட்டின் கீழ்ச்சரிவில், சீகை மரமும் உண்ணிச்செடியும் மண்டிய மூலைதான் இவர்களுக்கு. சிவப்பு மண், சரிவான நிலம். ஐப்பசி மழை ஒன்று நின்று பெய்தால் மேடு கரைந்து தரையோடு தரையாகிவிடும். காட்டுப்பன்றி கிளறாமல் இருக்கக் கல்லும் முள்ளும் தூக்கி வைப்பார்கள், அடுத்த வருஷம் அந்தக் கல்லும் உருண்டிருக்கும். அலுவலகத்தில் தேதி இருக்கும், இடம் இருக்காது.

2013-ல் ஓர் அம்மா வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டத்தில் வேலை. அப்பா இரண்டு வருஷம் முன்னால் மருந்து வாங்கக் கிளம்பிப் போனவர் திரும்பவில்லையாம். அந்தப் பக்கமெல்லாம் தேடி அலுத்துப்போய், யாரோ சொல்லி எங்கள் ஊருக்கு வந்திருந்தார். பழைய பதிவேட்டைப் புரட்டினேன். 2011 ஐப்பசி. 'நீல நிற ஸ்வெட்டர், இடது முழங்கை கிழிந்து பச்சை நூலால் தைக்கப்பட்டது' என்று போலீஸ் தாளில் யாரோ ஒரு நல்ல மனிதர் விவரமாக எழுதியிருந்தார். நான் வாசித்து முடிப்பதற்குள் அந்த அம்மா கைப்பையைத் திறந்து ஒரு நூல்கண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். பச்சை நூல். "நான்தாங்க தைச்சேன்" என்றார்.

இடத்தைக் காட்டச் சொன்னார். குழி வெட்டுகிற அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் சரிவில் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். "அந்த மழையில இந்த வரிசையில மூணு குழி போட்டோம் சார். எது எதுன்னு சொன்னா பொய்யாப் போயிரும்" என்றார். உண்மையைச் சொன்னார், ஆனால் அந்த அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. தோண்டிப் பரிசோதிக்க மனுப் போடலாம் என்று விளக்கினேன். "வேண்டாங்க, மத்தவங்களையும் எழுப்பணுமே" என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலமே ஒரு 200 பக்க நோட்டு வாங்கினேன். அரசுப் பதிவேடு வேறு, இது என்னுடையது. அதற்குப் பிறகு ஒவ்வொரு அடக்கத்துக்கும் நானே போகிறேன். பெரிய கற்பூர மரத்திலிருந்து எத்தனை எட்டு, எந்தத் திசை, தலை எந்தப் பக்கம், என்ன உடுத்தியிருந்தார், தழும்பு, பச்சை குத்தியது, பையில் இருந்த பஸ் டிக்கெட் எந்த ஊர், எல்லாம் எழுதுகிறேன். அண்ணன் மண் தள்ளுவதற்கு முன் ஒரு பிடி அரிசி போடுவார். அது யார் சொல்லியும் இல்லை, அவராகவே இத்தனை வருஷமாகச் செய்கிறார். வாய்க்கரிசி இல்லாமல் எப்படி அனுப்புவது என்பார்.

அடையாளத்துக்கு முதலில் தகரத்தில் பெயிண்டால் நம்பர் எழுதி நட்டோம். ஒரு மழைக்காலத்தில் துருவேறிப் போயிற்று, மிச்சத்தை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். அப்புறம்தான் அம்மி கொத்துகிறவர் ஞாபகம் வந்தது. கடையில் கழித்துப் போட்ட கருங்கல் துண்டுகளை வாங்கி அவரிடம் கொடுத்தோம். உளியை நனைத்து நனைத்து, 1 என்ற எண்ணைக்கூட அவசரப்படாமல் விரல் பதிகிற ஆழத்துக்குக் கொத்தினார். எதற்கு என்று கேட்டவர், தெரிந்த பிறகு கூலியில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில், ஊட்டியை உருவாக்கிய ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் இருக்கிறார்கள். அந்தத் தேவாலயம் கட்டி 200 வருஷம் ஆகப்போகிறது, அந்தக் கல்லறைகளை இன்றும் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். கல்லில் வெட்டினால் நிற்கும். எங்கள் ஆட்களுக்கு வெட்டப் பெயர் இல்லை, நம்பராவது நிற்கட்டும்.

அந்தப் பழைய வரிசைக்கும் மூன்று கல் நட்டோம். போன ஆடி அமாவாசைக்கு அந்த அம்மா வந்தபோது பாலும் பூவும் மூன்று பங்காகவே கொண்டு வந்திருந்தார். மூன்றுக்கும் ஊற்றிவிட்டு, "மத்த ரெண்டு பேரு யாருங்க?" என்று கேட்டார். போலீஸ் தாளில் இருந்ததைப் படித்தேன். ஒருவர் சுமார் 45 வயது பெண், வலது கையில் பச்சை குத்தியது, எழுத்து புரியவில்லை. இன்னொருவர் சுமார் 70, வேட்டி முனையில் முடிந்து வைத்த 12 ரூபாய்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "அவங்க வூட்ல இருந்தும் யாராச்சும் தேடி வருவாங்கல்ல? நீங்க மாத்தலாகிப் போயிட்டா வர்றவங்க யாரைக் கேப்பாங்க? மூணு பேருக்கும் நேரா என் போன் நம்பரை எழுதிக்கோங்க" என்றார். ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார். மூன்று இடத்திலும் எழுதினேன்.