ஓட்டையை அடைத்தால் டர்பைன் சின்னதாகிவிடும்

“ஓட்டைய அடைச்சா உங்க டர்பைன் சின்னதாகுது. அடைக்காம உட்டாத்தான் அது நல்லா ஓடுது. நீங்க எதைச் செய்யச் சொல்றீங்க சார்?”

பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறை முதலாளி கேட்டது. கிண்டலாகத்தான் கேட்டார், பக்கத்திலிருந்த மகனும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, “முதல்ல ஓட்டைங்க, அப்புறம் டர்பைன்” என்றேன். இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை.

என்னைக் கூப்பிட்டதே டர்பைனுக்காக. பாய்லரில் 10 கிலோ அழுத்தத்தில் ஸ்டீம் எடுக்கிறார்கள். அதை ஒரு வால்வு வழியாக மூன்றரைக்குக் குறைத்துத்தான் சாய மெஷின்களுக்கு அனுப்புகிறார்கள். குறைகிற அழுத்தத்தால் யாருக்கும் பயன் இல்லை. வால்வு இருக்கும் இடத்தில், அழுத்தம் குறைவதைக் கரண்டாக்கிவிட்டு ஸ்டீமை அப்படியே மெஷினுக்கு அனுப்புகிற பேக் பிரஷர் டர்பைன் வைத்தால், ஒரு டன் ஸ்டீமுக்கு 20 யூனிட் சொச்சம் கரண்ட் கிடைக்கும். ஸ்டீமில் இருக்கிற வெப்பத்தில் அதற்குப் போவது நூற்றுக்கு மூன்று பங்குதான், மீதியெல்லாம் துணியைச் சூடாக்கப் போய்விடும். அனல்மின் நிலையத்தில் நிலக்கரியின் வெப்பம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கூலிங் டவரிலும் புகைபோக்கியிலும் போய்த் தொலைகிறது. அதைப் பார்த்தவனுக்கு, ஒரே ஸ்டீமில் கரண்டும் வெப்பமும் எடுக்கிற கோஜெனரேஷன் மேல் ஆசை வராமல் இருக்காது. எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

ஆனால் எத்தனை யூனிட் வரும் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். எவ்வளவு ஸ்டீம் உண்மையிலேயே தேவைப்படுகிறது என்பதை வைத்துத்தான் மெஷின் அளவு. கழிவுநீர்ப் பிரச்சினையில் 2011-ல் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட வைத்தது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கழிவுநீரைச் சுத்தப்படுத்தும் ஆர்.ஓ.வில் மிஞ்சுகிற உப்புத் தண்ணீரையும் வெளியே விட முடியாது, எவாப்பரேட்டரில் காய்ச்ச வேண்டும். அதற்கும் ஸ்டீம்தான், ராத்திரி பகலாக. ஆகவே டர்பைனுக்குத் தோதான இடம் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். மீட்டர் மணிக்கு 6 டன் காட்டியது.

ஃபிட்டர் லைனைச் சுற்றிக் காட்டினார். ஸ்டீம் குளிர்ந்து தண்ணீரானதை மட்டும் வெளியே விட்டு, ஸ்டீமை உள்ளேயே நிறுத்துவதுதான் ஸ்டீம் டிராப். அப்படி ஒன்றின் மேல் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டார். பிறகு என்னிடம் நீட்டினார். நல்ல டிராப் விட்டு விட்டு ‘டிக்’ என்று மூடும். இதில் உஸ்ஸென்று நிற்காத சத்தம், ஸ்டீம் நேராகப் போய்க்கொண்டிருந்தது. முதலாளி சொன்ன ஓட்டை இதுதான். அடுத்ததும் அப்படியே. “மாத்தணும்னு எழுதிக் குடுத்து வருசமாச்சுங்க” என்றார்.

கணக்குப் போட்டால் 6 டன்னில் ஒரு டன்னுக்கு மேல் வீண். டிராப்பை மாற்றினால் டர்பைனும் சுருங்கும். டர்பைன் சுருங்குகிற அளவுக்கு விலை சுருங்காது. பேனலும் கேபிளும் ஃபவுண்டேஷனும் ஏறக்குறைய அதே செலவுதான். போட்ட பணம் திரும்ப வருகிற காலம் நீண்டுவிடும். அறிக்கையில் அதை அப்படியே எழுதினேன், டிராப் முதல் பக்கத்தில். அதைப் படித்துவிட்டுத்தான் முதலாளி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

டர்பைன் வரவில்லை. சரி, டிராப்பாவது? ஃபிட்டரிடம் போனில் விசாரித்தேன். “இல்லீங்க சார்” என்றார். ஆச்சரியம் இல்லை. டர்பைனுக்கு பேங்க் கடன் தரும், வெளிநாட்டு பையர் வந்தால் கூட்டிப்போய்க் காட்டலாம். டிராப் பராமரிப்புச் செலவு. அதன் பக்கத்தில் நின்று யார் போட்டோ எடுத்துக்கொள்வார்கள்?

6 டன் என்றே எழுதியிருந்தால் டர்பைன் இந்நேரம் ஓடிக்கொண்டிருக்கும். வீணாகிற ஸ்டீமும் அதன் வழியாகத்தானே போகும், கொஞ்சம் கரண்டாவது கொடுத்துவிட்டுப் போயிருக்கும். பிறகு என்றாவது டிராப்பை மாற்றினால் டர்பைன் வயிறு நிறையாமல் ஓடும், இந்த மாதிரி சின்ன டர்பைன் குறைந்த லோடில் மோசமாகத்தான் ஓடும், பழி என் தலையில் விழும். அப்படியானால் நான் காப்பாற்றியது அவர் பணத்தையா, என் பெயரையா? இல்லை, ஓட்டையை நம்பி மெஷின் வைத்தால் அதை அடைக்க அதன் பிறகு எவனுக்கும் மனசு வராது. ஃபிட்டரின் கடிதம் அன்றோடு குப்பைக்குப் போயிருக்கும். இப்படியே மாறி மாறி எனக்குள் வழக்காடிக்கொண்டிருக்கிறேன்.

அதற்கப்புறம் வேறொரு யூனிட்டில் டிராப் செலவை டர்பைன் மதிப்பீட்டுக்குள்ளேயே நுழைத்து, ‘பைப் லைன் வேலை’ என்று ஒரே வரியில் எழுதினேன். மெஷின் சின்ன அளவுதான். ஆனால் டிராப்பால் மிச்சமாகிற விறகையும் டர்பைன் கணக்கில் காட்டியதால் போட்ட பணம் சீக்கிரம் திரும்புகிற மாதிரி தெரிந்தது. மறுபேச்சில்லாமல் கையெழுத்தானது. எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொன்னால் காட்டிவிடுவேன், தாள் என்னிடம் இருக்கிறது. இதுவரை யாரும் கேட்கவில்லை, நானாகவும் எடுத்துக் கொடுக்கவில்லை.