சாவிக்குக் காவல் இருந்த பாறை

ஹவாயின் பெரிய தீவில் புனலுவு என்றொரு கடற்கரை இருக்கிறது. எரிமலைக் குழம்பு கடலில் விழுந்து நொறுங்கிய மணல், அடுப்புக்கரித் தூள் போலக் கன்னங்கரேல் என்றிருக்கும். பாறைகளும் அதே நிறம். நான் ஒரு செருப்பின் மேல் கார் சாவியை வைத்து, மறு செருப்பால் மூடி, ஒரு நல்ல பாறையின் ஓரமாக விட்டுவிட்டுக் கால் நனைக்கப் போனேன். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான்.

திரும்பி வந்தபோது மனைவி சொன்னாள்: "என்னங்க, உங்கள் பாறை கண் சிமிட்டுகிறது."

பாறை புஸ்ஸென்று பெருமூச்சும் விட்டது. மூன்றடி நீள ஓடு, காய்ந்த பாசி, ஓட்டின் மேல் ஓர் ஈ. நாம் பேராமை என்கிறோமே, அதேதான், அங்கே ஹோனு. கடலாமைகள் வெயில் காயக் கரையேறுவது உலகிலேயே அபூர்வம். அந்த அபூர்வம் என் செருப்பருகே நடக்க வேண்டுமா?

குனியப் போனேன். "பத்தடி தள்ளி!" என்றது ஒரு குரல். உள்ளூர் ஆன்ட்டி; அங்கேயும் பெரியவர்களை ஆன்ட்டி என்றுதான் அழைக்கிறார்கள். 1978 முதல் ஹோனுவுக்கு அமெரிக்க மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டாம்.

"எப்போது எழுந்து போகும்?"

"அதற்குத் தோன்றும்போது."

சில குடும்பங்களுக்கு ஹோனு 'அவுமாகுவா', அதாவது காவலாக நிற்கும் முன்னோர் என்றார் ஆன்ட்டி. எனக்குச் சுருக்கென்றது. குலதெய்வக் கோயிலில் செருப்பை வாசலில் விடுவார்கள். நான் கருவறைக்குள்ளேயே விட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னார். 1819இல் பழைய கட்டுப்பாடுகள் நீங்கும்வரை ஆமைக்கறி ஆண்களுக்கு மட்டும்தானாம். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "கறி உங்களுக்கு, காத்திருப்பு எனக்கா?" நான் சைவம் என்பதை அந்த நேரத்தில் நினைவூட்டவில்லை.

பிறகு கௌயிலாவின் கதை. இதே கரையில் பிறந்த தெய்வ ஆமை அவள். சிறுமியாக உருமாறிக் குழந்தைகளோடு விளையாடி, அவர்கள் அலையில் சிக்காமல் பார்த்துக்கொள்வாளாம். "கார் சாவியையும் பார்த்துக்கொள்கிறாள்" என்றாள் மனைவி.

இரண்டு மணி நேரம். சுடுமணலில் நான் கால் மாற்றி மாற்றி நின்றதைக் கண்டு யாரோ ஒரு குழந்தை கைதட்டியது. ஒருவழியாக ஹோனு எழுந்தது. எழுந்ததா? துடுப்புக் கைகளால் மணலை வாரி வாரிப் பின்னால் தள்ளிக்கொண்டே கடலுக்குள் இறங்கியது. வாரிய மணலில் ஒரு செருப்பு புதைந்தது. இன்னொன்று குப்புறக் கவிழ்ந்தது.

மணல் கறுப்பு. சாவியும் கறுப்பு.

முழங்கால் போட்டுத் துழாவி எடுத்து, காரை நோக்கி நடந்தேன். ஆன்ட்டி மறுபடி கூப்பிட்டார்: "இந்த மணலை வெளியே கொண்டுபோகக் கூடாது. செருப்பை உதறிவிட்டுப் போங்கள்."