நாலடி பதினொன்று அங்குல உயரத்துக்கு ஒரு சேலை

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. மதுரை விளக்குத்தூண் பக்கம் கால் வைக்க இடமில்லை. அக்கா மகள் கல்யாணத்துக்குச் சேலை பார்க்கப் போனோம். கடைப்பையன் தன் தோளில் போட்டுக் காட்டும்போது எல்லாமே எடுப்பாகத்தான் இருக்கிறது. அவனுக்கு என் இடுப்பா இருக்கிறது? "மேடத்துக்கு டார்க் கலர் எடுங்க, ஒல்லியா காட்டும்" என்றான். கறுப்பும் நாவல்பழக் கலரும் பல வருஷமாகக் கட்டிப் பார்த்தாயிற்று. துணி வயிற்றில் மொடமொடவென்று நின்றால் எந்த நிறம்தான் என்ன செய்யும்?

எடுக்கவில்லை. ஜிகர்தண்டா குடித்துவிட்டு வந்தோம்.

ஆகஸ்ட் 6, புதன்

இன்று டேப்பை வைத்து என்னையே அளந்தேன். இடுப்பிலிருந்து தரை வரை 37 அங்குலம். பீரோவில் இருக்கும் பட்டுச் சேலையின் அகலம் 47. ஆக, 10 அங்குலத் துணியை உள்ளே மடித்துச் செருகுகிறேன், அதுவும் மேல்கரை ஜரிகையோடு சேர்த்து. கொசுவத்தில் அது மடிப்புக்கு மடிப்பு பெருகுகிறது. வயிற்று மேட்டில் பாதி என்னுடையதே இல்லை!

கீழ்க்கரையும் அப்படித்தான். காரைக்குடிக் கண்டாங்கிக்கு அகலக் கரைதான் அழகு. நெட்டையான அக்கா கட்டினால் கண் எடுக்க முடியாது. என்மேல் 8 அங்குலக் கரை ஏறினால், முட்டிக்குக் கீழே பாதி உயரத்தை அதுவே தின்றுவிடும். சின்னக் கரை போட்ட சுங்குடி எனக்குப் பொருந்துவதன் சூட்சுமம் இதுதான். துணி மெல்லிசு, கஞ்சியை மட்டும் குறைத்துப் போட வேண்டும்.

யூடியூபில் உடம்பை ஆப்பிள், பேரிக்காய் என்று பழக்கடை ஆக்குகிறார்கள். சேலையின் அகலத்தைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

டெய்லர் கடை. "அளவு ஜாக்கெட் கொண்டாந்தீங்களாக்கா?"

"இல்லண்ணே, டேப்புல எடுங்க. அந்த ஜாக்கெட்டே சரியில்ல."

அவர் வீட்டம்மாதான் அளந்தார். அக்குளை ஒட்டி, மார்புக்கு மேலே 35. மார்பு 40. "அஞ்சு இஞ்ச் வித்தியாசம் இருக்குல்ல, அதான் தோள் நழுவுது" என்றார். இதுவரை 40க்கே மொத்த ஜாக்கெட்டையும் வெட்டியிருக்கிறார்கள். அதனால் தோளும் கழுத்தும் எனக்குப் பெரிசு. தோளை அந்த 35 அளவுக்கு வெட்டி, மிச்ச அகலத்தை முன்பக்கம் மட்டும் கொடுக்க வேண்டுமாம். அதற்கு, மார்பு வழியாக இடுப்பு வரை நீளத் தையல் இறங்கும் பிரின்சஸ் கட் தோது.

கையைப் பற்றியும் சொன்னார். என் கை எந்த இடத்தில் ரொம்பப் பருமனோ, சரியாக அங்கேதான் பழைய ஜாக்கெட்டின் ஓரம் முடிகிறது. கண் அங்கேதான் போகும். முழங்கைக்குக் கொஞ்சம் மேலே வரை இறக்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சேலை எடுத்தாயிற்று: சாஃப்ட் சில்க், மயில்கழுத்து நிறம், கீழ்க்கரை 2 அங்குலம், மேலே வெறும் கோடு. உள்பாவாடைக்குப் பதில், உடம்பை இறுக்கிப் பிடிக்கும் ஷேப்வேர் வாங்கச் சொல்லி அக்கா நச்சரித்தாள். போட்டுப் பார்த்தேன். நிற்கும்போது வழவழவென்று பிரமாதம். ஆனால் மணவறையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டாமா? நாடாப் பாவாடையே போதும். முடிச்சை வயிற்றுக்கு நேரே போடாமல் இடப்பக்கம் ஒதுக்கிக் கட்டுகிறேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. முந்தானையைக் குறுகலாக மடித்துக் குத்தியிருந்தேன். பந்தி வரை தோள் நழுவவில்லை, ஊக்கைத் தேடவுமில்லை. சேலை என்ன விலை என்று யாரும் கேட்கவில்லை. "ஜாக்கெட் யாருடி தச்சது?" என்று மட்டும் மாமியார் உட்பட எல்லோரும் கேட்டார்கள்.

ஆகஸ்ட் 30, சனி

பழைய ஜாக்கெட்டுகளை மூட்டை கட்டி டெய்லரிடம் கொண்டுபோனேன். தோளைக் குறைப்பது சுலபம், கையை இறக்கத்தான் உள்ளே துணி வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பட்டு ஜாக்கெட்டுகளில் மடிப்பு விட்டிருக்கிறது. மற்றதை வீட்டில் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் சுடிதார். சைடு ஓபனை இடுப்பின் அகலமான இடத்துக்கு மேலேயே ஆரம்பிக்கச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் உட்கார்ந்தால் இழுக்கிறது.