ஐம்பதாம் ஆண்டு மலர் அச்சான கதை

1974-ல் திருச்சிப் பெண்கள் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. கணிதம் முடித்த எங்கள் வகுப்புக்கு ஐம்பதாம் ஆண்டு மலர் ஒருவழியாக வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு பக்கம். இப்போது என்ன செய்கிறாள் என்பதை அவளவள் வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பெங்களூரில் சும்மாதானே இருக்கிறாய் என்று வேலையை என் தலையில் கட்டினார்கள். இப்படி ஒன்றில் இறங்கப் போகிறவர்கள் மேலே படியுங்கள்.

முதல் முட்டுக்கட்டை கல்லூரி அலுவலகம். மயிலாடுதுறை வண்டியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து திருச்சிக்குப் போனால், 1982-க்கு முந்தையது எதுவும் கம்ப்யூட்டரில் இல்லை என்றார் எழுத்தர். அந்த வருஷம்தான் பாரதிதாசன் பல்கலைக்கழகம் வந்தது. அதற்கு முன்னால் திருச்சிக் கல்லூரிகளில் படித்தவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம்தான். “அப்ப மெட்ராஸ்ல போய்க் கேளுங்கம்மா.” பட்டம் கொடுத்தவர்களிடம் எங்கள் வீட்டு விலாசம் எதற்கு இருக்கப் போகிறது? பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்றேன். அதற்கு முதல்வர் கையெழுத்து வேண்டுமாம். முதல்வர் லீவு. திரும்பி வந்து முதல்வருக்கே கடிதம் எழுதி, அனுமதி கிடைத்த பிறகு மறுபடி போனேன். நீங்கள் கடிதத்தை முதலில் அனுப்புங்கள்; டிக்கெட்டை அப்புறம் எடுங்கள்.

பதிவேடு கிடைத்ததும் பாதிக் கிணறு தாண்டியாச்சு என்றுதான் நினைத்தேன். அதில் இருந்தது அப்பா பெயர், ஊர், தாலுகா. பெண்கள் கல்லூரியில் இது எதற்கும் உதவாது. கல்யாணமானதும் அப்பாவின் இனிஷியல் போய்ப் புருஷன் இனிஷியல் வந்துவிட்டது. பிள்ளையைப் பார்க்க வெளிநாடு போகப் பாஸ்போர்ட் எடுத்தபோது அந்த இனிஷியலும் விரிந்து முழுப் பெயராகிவிட்டது. ஃபேஸ்புக்கில் தேடினால் யாரோ ஒரு வெங்கடேசனின் மனைவி வருகிறாள். கடைசியில் கைகொடுத்தவர்கள் அண்ணன் தம்பிகள். லால்குடியிலும் துறையூரிலும் தெரிந்தவர்களை விட்டு விசாரித்தால், அப்பா வீட்டில் இன்னும் யாராவது ஒருவர் இருக்கிறார், தங்கையின் நம்பர் அவரிடம் இருக்கிறது. ஆண்கள் கல்லூரிக்காரர்களுக்கு இந்தத் தலைவலி பாதிகூட இருக்காது.

நம்பர் கிடைத்தால் போதுமா? எடுக்க வேண்டுமே. போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கும் ‘டிஜிட்டல் கைது’ மோசடி பெங்களூரில் எத்தனையோ பெரியவர்களின் சேமிப்பை வழித்துக்கொண்டு போன பிறகு, தெரியாத நம்பரை எடுக்காதே என்று எல்லா வீட்டிலும் பிள்ளைகள் சொல்லி வைத்திருக்கிறார்கள். நியாயம்தான். இதற்கு நடுவில் அமெரிக்காவில் இருக்கும் தோழி ஒருத்தி, உதவி செய்கிறேன் என்று கூகுள் ஃபார்ம் ஒன்றைத் தயாரித்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். அதில் பிறந்த தேதி, வீட்டு விலாசம், கணவர் வேலை பார்த்த இடம் எல்லாம் கேள்வி. ஒயிட்ஃபீல்டில் இருக்கும் ஒருத்தியின் மகன் என்னைக் கூப்பிட்டு, “மேடம், சைபர் கிரைம்ல கம்ப்ளெயின்ட் கொடுக்கட்டுமா?” என்று கேட்டான். “உங்கம்மா ஹாஸ்டல்ல ரசத்தை ஜன்னல் வழியாக் கொட்டி மாட்டிக்கிட்டவ, போய்க் கேட்டுட்டு வாப்பா” என்றேன். ரெண்டு நிமிஷத்தில் அவளே பேசினாள்.

ஃபார்ம் வேண்டவே வேண்டாம். முதலில் மகளுக்கோ மருமகளுக்கோ வாட்ஸ்அப்பில் அந்தக் காலத்து குரூப் போட்டோவை அனுப்பிவிட்டு, அடுத்த நாள் காலை பதினோரு மணி வாக்கில் கூப்பிடுங்கள். நவம்பரில் ஆரம்பிக்காதீர்கள். பென்ஷன் வாங்குகிற அத்தனை பேரும் அப்போது, உயிரோடுதான் இருக்கிறோம் என்று வங்கிக்கு நிரூபிக்கப் போயிருப்பார்கள். இன்னொன்று: அந்த வீட்டில் யாராவது தவறிப்போயிருக்கிறார்களா என்று வேறு தோழியிடம் கேட்டுக்கொண்டு கூப்பிடுங்கள். “அவர் எப்படி இருக்கார்டி?” என்று கேட்டுவிட்டு முழிக்கக் கூடாது.

பேச்சைப் பதிவு செய்ததுதான் இதில் எனக்குப் பிடித்த வேலை. உன்னைப் பற்றிச் சொல்லு என்றால், “பையன் டல்லாஸ், பொண்ணு புனே, பேரன் ரெண்டு, முழங்கால் ஆபரேஷன் ஆச்சு” என்று ஒப்பித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் இதே பக்கம் என்றால் மலர் எதற்கு? கேள்வியை மாற்றினேன். “இன்னிக்குக் காலையில என்னடி பண்ணினே?” அதற்குப் பிறகு கொட்டியது. தூரவாணி நகர் ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், நாற்பது வருஷம் பேசிய கன்னடத்தை இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்கிறாள். அல்சூரில் ஒருத்தி, அடுக்ககக் காவலாளியின் மகளுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு சொல்லித் தருகிறாள். இன்னொருத்தி, ஞாபகம் மங்கிப்போன கணவருக்கு தினமும் தான் யார் என்று சொல்லிக் காபி கொடுக்கிறாள். அதைப் போடலாமா என்று கேட்டேன். “போடு, ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு” என்றாள். கேட்காமல் மட்டும் எதையும் போடாதீர்கள்.

அப்புறம் அச்சகம். சுல்தான்பேட்டைப் பக்கம் ஒருவர் தமிழும் அடிப்போம் என்றார். நம்பி, இப்போது போனிலும் கம்ப்யூட்டரிலும் எல்லோரும் பயன்படுத்தும் யுனிகோடு முறையில் தட்டச்சு செய்ததைக் கொடுத்தேன். பக்கம் அமைக்க அவரிடம் இருந்ததோ பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருள். அது யுனிகோடை ஏற்காது. புரூஃபில் கட்டம் கட்டமாக வந்தது. யுனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவுக்கு மாற்றிப் பார்த்தார். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ‘கோமதி’ என்ற பெயர் மூன்று பக்கங்களில் மூன்று விதமாக இருந்தது. “ஓதக்கே பருத்தல்லா மேடம்” (படிக்க வருதில்ல மேடம்) என்று கன்னடத்தில் சமாதானம் வேறு. எனக்கு வந்த கோபத்தில் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டேன். பாதிதான் கிடைத்தது.

அண்ணன் மகள் வீட்டிலேயே பக்கம் அமைத்து, எழுத்துருவை உள்ளே பொதித்து பி.டி.எஃப். ஆக்கிக் கொடுத்தாள். வேறு அச்சகத்தில் அது அப்படியே வந்தது. நடுவில் பின் அடிக்கிற புத்தகம் என்றால் பக்க எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டும். படங்களை வாட்ஸ்அப்பில் வாங்கும்போது ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முகம் மங்கிவிடும்.

பிரதிகள் போய்ச் சேர்ந்த வாரமே, “என் பக்கம் வேண்டாம்” என்று கடைசிவரை பிடிவாதமாக மறுத்த மல்லேஸ்வரக்காரி கூப்பிட்டாள். எல்லோரும் எழுதியிருக்கிறார்களே, தான் மட்டும் ஏன் இல்லை என்று சண்டை. அவள் சொல்லச் சொல்ல எழுதித் தனித்தாளாக அடித்திருக்கிறேன். மலர் வைத்திருக்கும் தோழிகள் அதை வாங்கி நடுவில் செருகிக்கொள்ளுங்கள்.