அந்த ஒரு மணி நேரம்

மார்ச் 4

'அண்டர்வேர்ல்டு' பார்த்து முடித்தேன். 1927இல் ஜோசப் வான் ஸ்டெர்ன்பெர்க் எடுத்த மௌனப் படம். தூக்குத் தண்டனைக் கைதி புல் வீட் சிறையிலிருந்து தப்பி வருகிறான். பிழைத்துப்போக இல்லை. காதலி ஃபெதர்ஸும், குடியிலிருந்து மீட்டுத் தான் ஆளாக்கிய, ரோல்ஸ் ராய்ஸ் என்று பட்டப்பெயர் கொண்ட நண்பனும் சேர்ந்து துரோகம் செய்துவிட்டார்கள் என்று காதில் விழுந்துவிட்டது. உண்மையா என்று தெரிந்தாக வேண்டும். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன், மனசு இன்னும் அங்கேயே நிற்கிறது.

மார்ச் 5

கடைசிக் காட்சியை மட்டும் திரும்பப் போட்டேன். போலீஸ் வளைத்துவிட்டது. கண்ணாடி நொறுங்குகிறது, அறை முழுக்கப் புகை. புல் வெறிபிடித்தவன் போலத் திருப்பிச் சுட்டுக்கொண்டே இருக்கிறான். அப்போது ரோல்ஸ் ராய்ஸ் குண்டடி பட்டு வந்து சேர்கிறான். தன்னைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறான் என்று புல்லுக்குப் புரிகிற நேரம், அவனாக நடித்த ஜார்ஜ் பான்கிராஃப்ட்டின் முகத்தைப் பார்க்க வேண்டும். அத்தனை பெரிய உடம்பு, சட்டென்று கோபம் வடிந்து குழந்தை மாதிரி ஆகிவிடுகிறது. மௌனப் படங்களில் நடுவே எழுத்தில் வரும் வசன அட்டை ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

அவன் கேள்விப்பட்டது முழுப் பொய்யும் இல்லை. அவர்கள் இருவரும் காதலிப்பது நிஜம். ஆனாலும் அவனை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் அவன் ஏற்றுக்கொள்கிறான். அவர்களை ரகசிய வழியில் அனுப்பிவிட்டுச் சரணடைகிறான். இவ்வளவு செய்து உனக்குக் கிடைத்தது ஒரு மணி நேரம்தானே என்கிறார் போலீஸ்காரர். அந்த ஒரு மணி நேரம் தன் ஆயுசை விடப் பெரிது என்கிறான்.

மார்ச் 7

கதை எழுதிய பென் ஹெக்ட் சிகாகோவில் பத்திரிகை நிருபராக இருந்தவர். படத்தில் இயக்குநர் சேர்த்த உருக்கம் பிடிக்காமல், தன் பெயரையே எடுத்துவிடச் சொன்னாராம். அப்புறம் 1929இல் நடந்த முதல் ஆஸ்கார் விழாவில் மூலக்கதைக்கான விருது இதற்காக அவருக்குத்தான்! நான் ஸ்டெர்ன்பெர்க் பக்கம். தப்பி ஒளிந்திருக்கும் புல், பூனைக்குட்டிக்கு விரலில் பாலைத் தொட்டு ஊட்டுவான். அந்த மென்மையை முன்பே பார்த்திருப்பதால்தான் முடிவை நம்ப முடிகிறது.

கொலைகாரனுக்கு எதற்கு இத்தனை பரிவு என்று அக்கா போனில் கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் படம் அவனை மன்னித்து விட்டுவிடவில்லை. எதிரி ரவுடி பக் மல்லிகனைச் சுட்டதற்கான தூக்கு அப்படியே இருக்கிறது, அதற்குத்தான் திரும்பிப் போகிறான். சரி, நீயே பார்த்துவிட்டுச் சொல் என்றேன்.

அடுத்து 1928இல் வந்த 'தி டாக்ஸ் ஆஃப் நியூயார்க்'. அதே இயக்குநர், அதிலும் பான்கிராஃப்ட்தான்.