பதினைந்து சவரனும் ஒரு வீட்டுக் கடனும்

2022 ஜனவரியில் நானும் என் கணவரும் பிரிந்தோம். 2023 ஜூனில் திருச்சி குடும்பநல நீதிமன்றத்தில் இருவரும் சேர்ந்து பரஸ்பர விவாகரத்து மனு போட்டோம். இந்து திருமணச் சட்டத்தில் 13பி பிரிவு. ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருந்தால் போதும், யார்மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. குழந்தை இல்லை, சண்டையும் ஓய்ந்திருந்தது. சுலபமாக முடியும் என்றுதான் நினைத்தேன். நகையும் வீட்டுக் கடனும் அப்படி விடவில்லை.

2016இல் ஃப்ளாட்டுக்கு முன்பணம் கட்ட என் நகையில் 15 சவரனை விற்றிருந்தோம். அப்போது சவரன் 22,000 சொச்சம். விற்ற ரசீதில் உள்ள தொகையைத் தந்துவிடுகிறேன் என்றார் அவர். நானும் தலையாட்டியிருப்பேன். "ரூபாயில் எழுதாதீங்கம்மா, கிராமில் எழுதுங்க" என்று வக்கீல் மேடம்தான் தடுத்தார். 2023இல் சவரன் 44,000ஐத் தொட்டிருந்தது. பழைய தொகையை வாங்கியிருந்தால் எட்டு சவரன்கூடத் தேறியிருக்காது. பிறந்த வீட்டில் போட்ட நகை பெண்ணுடைய சீதனம், புகுந்த வீட்டில் யார் கையில் இருந்தாலும் அது அவளுக்கே சொந்தம் என்று 1985இலேயே பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். அதை எடுத்துச் சொன்னபிறகு 120 கிராம் என்று எழுத அவரும் ஒத்துக்கொண்டார்.

லாக்கரில் மிச்சமிருந்ததில் எது யார் வீட்டு நகை என்பதில் இன்னொரு தகராறு. எங்களிடம் ரசீது எதுவும் இல்லை. கல்யாண ஆல்பத்தை எடுத்துக்கொண்டு நானும் அம்மாவும் தரையில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை வீட்டு நகை கழுத்துக்கு வருமுன் எடுத்த நலங்குப் படங்கள்தான் எங்களுக்குச் சாட்சி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அம்மா ஒவ்வொன்றாக விரலை வைத்துச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: கல் அட்டிகை, முத்துமாலை, இரண்டு ஜோடி வளையல். ஒரு படத்தில் மஞ்சள் பூசிய முகத்தோடு நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தை அம்மா வெகுநேரம் திருப்பவில்லை.

அப்புறம் கடன். வீடும் கடனும் அவருக்கு என்று மனுவில் எழுதினால் நான் விடுபட்டுவிடுவேன் என்று நம்பியிருந்தேன். வங்கியில் கேட்டபோதுதான் புரிந்தது. தீர்ப்பு எங்கள் இருவருக்குள். கடன் ஒப்பந்தத்தில் என் கையெழுத்து இருக்கும்வரை அவர் தவணை தவறினால் என்னிடம்தான் கேட்பார்கள், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் என் சிபில் ஸ்கோரும் அடிவாங்கும். என் பெயரை மட்டும் நீக்கித் தர அந்த வங்கி மறுத்தது. கடைசியில் தன் சம்பளத்தை மட்டும் காட்டி வேறொரு வங்கிக்கு அவர் கடனை மாற்றிக்கொண்டார். வீட்டில் என் பாதிப் பங்கைத் தீர்ப்புக்கு முன்பே அவருக்கு விட்டுக்கொடுத்து, விடுதலைப் பத்திரமாகப் பதிந்து கொடுத்தேன். கணவன் மனைவியாக இருக்கும்போதே பதிந்தால் குடும்பத்தாருக்கான குறைந்த முத்திரைத் தீர்வை.

முதல் விசாரணைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் இந்தக் காத்திருப்பை விலக்கிவிடலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நாங்கள் கேட்கவில்லை. கடன் மாற்றம், பத்திரம் எல்லாம் அந்த ஆறு மாதத்தில்தான் முடிந்தன. இன்னொன்று, இரண்டாவது முறை நீதிபதி முன் நிற்கும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் மனு போட்ட அன்று பாதித் தங்கம், கடைசி விசாரணைக்கு முந்தின நாள் மீதி என்று வைத்துக்கொண்டோம். இரண்டு தடவையும் நகைக்கடைத் தராசில் இருவரும் பார்க்க நிறுத்து, ஒரு தாளில் கையெழுத்துப் போட்டோம்.

டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சான்றிட்ட நகல் மூன்று வாங்கினேன், மூன்றும் செலவாகிவிட்டன. பிஎஃப் கணக்கிலும் எல்ஐசி பாலிசியிலும் நாமினியாக அவர் பெயரே இருந்ததைத் தீர்ப்புக்குப் பிறகுதான் கவனித்தேன். இப்போது இரண்டிலும் அம்மா பெயர்.