மிளகு மணக்கும் திராட்சை

நேற்று ராத்திரி தெம்பனிஸில் அக்கா வீட்டில் ஆட்டுக்கறி மிளகு வறுவல். அத்தான் ஒரு சிவப்பு ஒயினைத் திறந்தார். ஸ்கியோப்பெட்டினோ என்று திராட்சையின் பெயர்; நான் கேள்விப்பட்டதே இல்லை. வாயில் வைத்ததும் மிளகு! வறுவலின் காரமோ என்று தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஒரு வாய். அதே மிளகு. மிளகுக்கு மணம் தரும் ரொட்டண்டோன் என்ற வேதிப்பொருள்தான் இந்தத் திராட்சையிலும் இருக்கிறது.

இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஸ்லோவேனிய எல்லையோரம் விளைவது. ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அழிந்தே போனது. 1970களில் நடுவதற்குச் சட்ட அனுமதிகூட இல்லை. அப்போதுதான் ரோங்கி டி ச்சல்லா தோட்டத்து ரப்புட்ஸி குடும்பம், அங்கங்கே மிஞ்சிய கொடிகளைத் தேடித் தேடி எடுத்து நட்டது. 1976இல் அதற்காக, உள்ளூர்த் திராட்சை ரகங்களைக் காப்பவர்களுக்கான நொனினோ விருதும் கிடைத்தது.

அனுமதியில்லாத கொடியை நம்பி நிலத்தைக் கொடுக்க எவ்வளவு பிடிவாதம் வேண்டும்! எனக்குத் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. மன்னார்குடிப் பக்கம் ஊரே குட்டை ரகத்துக்கு மாறியபோதும், மாப்பிள்ளைச் சம்பா விதைநெல்லை வைக்கோல் கோட்டை கட்டி வைத்திருந்தவர் அவர்.

பாட்டிலில் இன்னும் கால்வாசி இருக்கிறது. அக்கா மூடி எடுத்து வைத்திருக்கிறார். இன்று சாயங்காலமும் அங்கேதான்.